12 அடி வாசலுக்கு சொந்தமாகச் செய்யும் ஸ்லைடிங் கேட்: தண்டவாளம், வீல், கைடு ரோலர் பற்றி ஆலோசனை தேவை

கரிசல்வீடு:

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் வீடு. காம்பவுண்டு வாசல் தூணுக்குத் தூண் 12 அடி. இரட்டைக் கதவு கேட் வைத்து உள்ளே திறந்தால் கார் நிறுத்த இடம் போதாது, தெருப்பக்கம் திறக்கவும் கூடாது. அதனால் ஸ்லைடிங் கேட்தான் என்று முடிவு. உள்ளே நின்று தெருவைப் பார்த்தால் வாசலுக்கு இடப்பக்கம் சுவர் நேராக 14 அடி 6 அங்குலம் போகிறது. நடுவில் மரம், குழாய், மீட்டர் பெட்டி எதுவும் இல்லை.

மண் சுத்தக் கரிசல். முற்றத்துத் தண்ணீர் தெருவைப் பார்த்து வடிகிறது. வாசல் நெடுக வலமிருந்து இடமாக 2 அங்குலம் இறக்கம் வேறு இருக்கிறது. கேட் உயரம் 5 அடி.

வெல்டிங் மெஷின், கிரைண்டர், ட்ரில் கைவசம் உண்டு, வெல்டிங்கும் வரும். தெரிய வேண்டியது: தண்டவாளத்துக்கு எந்த இரும்பு, அதன் கீழே காங்கிரீட் எவ்வளவு, கேட் நீளம் எவ்வளவு வைப்பது, வீல் இரண்டா மூன்றா, தகடு முழுசா பாதியா. பிறகு மோட்டார் போடும் எண்ணமும் இருக்கிறது.

இரும்புப்பட்டறை:

முதலில் நீளம். 12 அடி வாசலுக்கு 12 அடி கேட் செய்தால் மூடும்போது பின்முனை கைடு ரோலரை (கேட்டின் மேல்பக்கம் சாயாமல் இரண்டு பக்கமும் பிடிக்கும் உருளையை) விட்டு வெளியே வந்துவிடும். பூட்டுப் பக்கம் 3 அங்குலம், வால் பக்கம் 15 அங்குலம் கூட்டி 13 அடி 6 அங்குலமாகச் செய்யுங்கள். முழுக்கத் திறந்தால் 13½ அடி, ஸ்டாப்பருக்கு 3 அங்குலம். உங்கள் 14½ அடிச் சுவருக்குள் அடங்கிவிடும். தண்டவாளமே வேண்டாத கான்டிலீவர் கேட் பற்றி யாராவது சொல்வார்கள். அதற்கு வாசல் அகலத்தில் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதல் நீளம் வேண்டும். 12 அடிக்கு 17, 18 அடி கேட் ஆகும், உங்கள் சுவருக்கு வாய்ப்பில்லை.

ஃபிரேம்: அடிப் பைப் 80×40×3 மி.மீ., மேல் பைப்பும் இரண்டு பக்கமும் 60×40×2, நடுவில் மூன்று நிறுத்துக்கு (செங்குத்துப் பைப்புக்கு) 40×40×2. கீழிருந்து 3 அடி உயரத்தில் ஒரு குறுக்குப் பைப், அதுவும் 40×40×2. அதற்குக் கீழே 1.2 மி.மீ. தகடு, மேலே 25×25×1.6 கம்பி. தகடு மட்டும் 35 கிலோ, அடிப் பைப் 22 கிலோ. வீல், பூட்டு, வெல்டு எல்லாம் சேர்த்து மொத்தம் 120 கிலோவை ஒட்டி வரும். ஒருவர் ஒரு கையால் தள்ளக்கூடிய எடைதான், தண்டவாளம் மட்டமாக இருந்தால்.

வீல் 100 மி.மீ. விட்டம், வி-குரூவ் (சுற்றிலும் வி வடிவப் பள்ளம் உள்ளது), மூடிய இரட்டை பேரிங். அடிப் பைப்பின் கீழ்ப்பக்கத்தை 110 மி.மீ. நீளத்துக்கு வெட்டி வீலை உள்ளே ஏற்றுங்கள். பைப்பின் உள் அகலம் 34 மி.மீ., அதனால் வீல் இரண்டு பக்கமும் உரசாமல் இருக்க வாஷர் போட வேண்டும். அச்சுத் துளை பைப்பின் அடியிலிருந்து 25 மி.மீ. உயரத்தில். அப்போது வீலின் தலைக்கும் பைப்பின் மேல்சுவருக்கும் நடுவே 2 மி.மீ. மட்டும் மிஞ்சும். வி பள்ளத்தின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீலை வாங்கிக் கையில் வைத்து அளந்த பிறகே துளை போடுங்கள். 12 மி.மீ. போல்ட், நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்). வீலை நேராக வெல்டு வைத்துவிட்டால் பேரிங் போன அன்று கேட்டையே அறுக்க வேண்டியிருக்கும்.

வீல் இரண்டு போதும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 1½ அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

வெல்டிங்கில் கவனம் வேண்டிய இடம் இழுப்பு. ஃபிரேமைச் சமதளத்தில் கிடத்தி, எல்லா மூலையிலும் பொட்டு வெல்டு மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்குள் ஒத்து வந்த பிறகுதான் முழு வெல்டு. அதுவும் ஒரு மூலை முடித்து எதிர்மூலைக்குப் போங்கள். வெல்டு விழுந்த பக்கம் சுருங்கும். நிறுத்துகள் எல்லாம் அடிப் பைப்பின் மேல்முகத்தில் உட்காருவதால் அதன் இரு முனையும் மேலே தூக்கப் பார்க்கும். வேலை முழுக்க அடிப் பைப்பைப் பெஞ்சில் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள். தகட்டுக்குத் தொடர் வெல்டு கூடாது, 6 அங்குலத்துக்கு ஒரு அங்குலம் போதும். தொடர்ந்து ஓட்டினால் தகடு அலைஅலையாக நெளியும், அதை எந்தப் பட்டிப் பூச்சாலும் மறைக்க முடியாது. 2 மி.மீ. பைப்புக்கு 2.5 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 60 முதல் 80 ஆம்பியர். 3 மி.மீ. அடிப் பைப்புக்கு 3.15 ராடு, 90 முதல் 120.

அஸ்திவாரக்காரர்:

மேலே சொன்ன ஃபிரேம் சரி. ஆனால் உங்கள் இடத்தில் கேட் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வெறும் தரையில் ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) பதித்து சிமெண்ட் பூசினால் ஒரு மழைக்காலம் முடிந்து பார்க்கும்போது தண்டவாளம் நெளிந்திருக்கும். தனி பீம் வேண்டும்.

வலத்தூணிலிருந்து இடச்சுவரை ஒட்டி 25 அடி நீளத்துக்கு வாரி (அஸ்திவாரப் பள்ளம்) எடுங்கள். பீம் 10 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். ஆனால் பள்ளத்தை அதற்கும் கீழே இன்னும் ஒன்றரை அடி தோண்டி, கரிசலை வெளியே போட்டுவிட்டு, கிராவல் நிரப்பி 6 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இடித்து ஏற்றுங்கள். அதன் மேல் 3 அங்குலம் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை. பிறகு பீம்: மேலே இரண்டு, கீழே இரண்டு 12 மி.மீ. கம்பி, 8 மி.மீ. வளையம் 8 அங்குலத்துக்கு ஒன்று. 12 மி.மீ. கம்பி 27 கிலோ, வளையத்துக்கு 14 கிலோ. கலவை 1:1½:3, சிமெண்ட் 5 மூட்டை.

தண்டவாளத்துக்கு 40×40×6 ஆங்கிளைக் கூரை போல முனை மேலாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்தால் உயரம் 28 மி.மீ. அதில் 10 மி.மீ. காங்கிரீட்டுக்குள், 18 மி.மீ. வெளியே. ஆங்கிளின் இரண்டு காலிலும் ஒன்றரை அடிக்கு ஒரு 10 மி.மீ. கம்பித் துண்டை மடக்கி வெல்டு வைத்து, அதைப் பீமின் மேல் கம்பியோடு கட்டுங்கள். காங்கிரீட் கொட்டும்போது ஆங்கிளின் வயிற்றுக்குள் கலவை முழுக்க ஏறியதா என்று சுத்தியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில்தான் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும், கார் டயர் ஏறி ஏறி ஆங்கிளும் தளரும்.

ஆங்கிள் 20 அடி நீளத்தில் வரும். முழுத் துண்டை வலத்தூணிலிருந்து தொடங்குங்கள். ஜாயின்ட் இடச்சுவர் பக்கம் 8 அடி உள்ளே போய் விழும், அங்கே கார் ஏறாது. ஜாயின்டை வி வெட்டு வெட்டி, வெல்டு வைத்து, முனையைக் கிரைண்டரால் நேராக்குங்கள்.

மட்டம்: ரசமட்டத்தை மட்டும் நம்பி 25 அடி போகாதீர்கள். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயில்) 3 அடிக்கு ஒரு குறி எடுங்கள். முனைக்கு முனை 3 மி.மீ. வரை விடலாம். உங்கள் 2 அங்குல இறக்கத்தோடு தண்டவாளத்தையும் சாய்த்துவிடலாமா என்று தோன்றும், கூடாது. 12 அடிக்கு 2 அங்குலம் என்றால் 120 கிலோ கேட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஒரு விசை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நல்ல பேரிங் வீலை உருட்ட அதுவே போதும், பூட்டு எடுத்தவுடன் கேட் தானாக ஓடும். வலக்கோடியை மட்டமாக வைத்து இடப்பக்கம் பீமை உயர்த்துங்கள். கார் ஏறும் தரையை இரண்டு பக்கமும் அதற்குத் தகுந்தபடி சரித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தை மறக்க வேண்டாம். 18 மி.மீ. துருத்தும் தண்டவாளம் முற்றத்துத் தண்ணீருக்கு ஒரு குட்டி அணை. காங்கிரீட் போடும் முன் பீமுக்குக் குறுக்கே, ஆழத்தின் நடுவில், 3 அங்குல பி.வி.சி. பைப் மூன்று வைத்து, உள்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் எடுத்து அதில் சேர்த்துவிடுங்கள். 7 நாள் தண்ணீர் கட்டி, இன்னொரு வாரம் கழித்துக் காரை ஏற்றுங்கள்.

கரிசல்வீடு:

இருவருக்கும் நன்றி. இந்த அளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இங்கே உள்ள வெல்டர் அண்ணாச்சி இரண்டு விஷயம் மாற்றிச் சொல்கிறார். ஒன்று, 13½ அடி கேட் நடுவில் தொய்யும், மூன்றாவது வீல் கண்டிப்பாக வேண்டும். இரண்டு, ஆங்கிளுக்குப் பதில் 16 மி.மீ. உருட்டுக் கம்பி போட்டால் செலவு குறையும். வீட்டில் தெருப்பார்வை விழாமல் இருக்க முழுத் தகடு கேட்கிறார்கள். இடச்சுவரை விட வாசல் தூண் 2 அங்குலம் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது, இதனால் ஏதும் சிக்கலா?

இரும்புப்பட்டறை:

மூன்று வீல் போட்டால், 25 அடி தண்டவாளத்தில் எங்காவது 2 மி.மீ. மேடு வரும்போது நடு வீல் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். முன்னும் பின்னும் ஒன்று தூக்கி ஒன்று இறங்கும், வி பள்ளத்திலிருந்து வீல் வெளியே வர அதுவே வழி. தொய்வு வரும் என்பது தட்டையான பைப்பைத் தனியாகப் பார்த்தால் சரி. உங்களுடையது 5 அடி உயர ஃபிரேம், மேல் பைப்பும் அடிப் பைப்பும் நிறுத்தும் தகடும் சேர்ந்து பாரத்தை வாங்கும். வீலும் முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டதால் நடு இடைவெளி பத்தரை அடிதான்.

உருட்டுக் கம்பிக்கு யு-குரூவ் வீல் வேண்டும். கம்பியைக் காங்கிரீட் பிடிப்பதில்லை, கீழே பட்டை ஒன்று வைத்து வெல்டு அடிக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இல்லை. கவிழ்த்த ஆங்கிளில் மண், சருகு இரண்டு பக்கமும் சரிந்து விழும். எதைப் போட்டாலும் தரைக்குள் பள்ளமாகச் சேனல் பதிக்கும் முறைக்கு மட்டும் போகாதீர்கள், முதல் மழைக்கே சேறு அடைத்துக்கொள்ளும்.

தூண் துருத்தல் முக்கியமான கேள்வி. தண்டவாள அளவைச் சுவரிலிருந்து எடுக்காதீர்கள், தூணின் உள்முகத்திலிருந்து எடுங்கள். கேட் தடிமன் 40 மி.மீ., நடுக்கோட்டை தூண் முகத்திலிருந்து 80 மி.மீ. தள்ளி வைத்தால் கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே 60 மி.மீ. கிடைக்கும். தெருப்பக்கம் கைப்பிடி அந்த 60க்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் குழிந்த கைப்பிடி வையுங்கள். இந்தக் கோட்டை நூல் கட்டிக் குறித்த பிறகே வாரி தோண்டுங்கள், பீமின் நடுவும் இதே கோடுதான்.

காற்றுக்கணக்கு:

முழுத் தகடு கேட்கிறீர்கள் என்பதால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில், உங்கள் பக்கத்து மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், நியூட்டன் கணக்கில். 39க்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 912 நியூட்டன், அதாவது 93 கிலோ. 12 அடிக்கு 5 அடி முழுத் தகடு 5.57 சதுர மீட்டர், அப்போது கேட்டின் மேல் பக்கவாட்டில் 500 கிலோவுக்கு மேல் தள்ளும். அதே கேட் சென்னையில் என்றால் 850 கிலோ. 3 அடித் தகடு வைத்தால் உங்கள் ஊர்க் கணக்கில் தகட்டின் மேல் 310 கிலோவை ஒட்டி நின்றுவிடும். கம்பி இடைவெளியில் வாங்குவது கொஞ்சம் சேரும், அவ்வளவே.

இவ்வளவையும் தாங்குவது வீல் இல்லை. கீழே வி பள்ளம் ஓரளவு பிடிக்கும். மேலே முழுவதும் கைடு ரோலரும் எதிர்த்தூணில் கேட் முனை நுழைந்து நிற்கும் வாயும்தான். அதனால் முழுத் தகடுதான் என்றால் கைடைச் செங்கல் தூணில் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள், செங்கல் பிய்ந்து வரும். 75 மி.மீ. சேனல் ஒன்றைப் பீம் கம்பியோடு சேர்த்துக் கட்டி, காங்கிரீட்டில் நட்டு, அதன் தலையில் கைடு வையுங்கள். காங்கிரீட் தூண் என்றால் 12 மி.மீ. ஆங்கர் நான்கு போதும்.

கைடில் நைலான் ரோலர் இரண்டு ஜோடி, ஜோடிக்கு ஜோடி 10 அங்குலம். முதல் ஜோடி வாசல் விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே. 15 அங்குல வால் வைக்கச் சொன்னது இதற்காகத்தான், கேட் முழுக்க மூடியிருக்கும்போதும் வால் இரண்டு ஜோடிக்குள்ளும் நிற்கும். ரோலருக்கும் பைப்புக்கும் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி, அதை மாற்ற நீள்துளை. ரோலருக்கு மேலே ஒரு பட்டையை 5 மி.மீ. இடைவெளியில் வெல்டு வையுங்கள், கேட்டைத் தூக்கித் தடம்புரள வைக்க முடியாது.

அடுத்தது ஸ்டாப்பர். ஸ்லைடிங் கேட் ஆள் மேல், குறிப்பாகக் குழந்தைகள் மேல், சாய்ந்து விழும் விபத்து பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது: யாரோ வேகமாகத் தள்ள, கேட் கைடை விட்டு வெளியே போகிறது, பிடிக்க ஒன்றும் இல்லாமல் கவிழ்கிறது. 120 கிலோவைத் தடுக்க ஆளால் முடியாது. எனவே தரையில் திறக்கும் கோடியில் 75 மி.மீ. சேனல் துண்டு, ஒரு அடி உயரம், ரப்பர் ஒட்டி, பீமில் பதித்தது ஒன்று. அது போதாது. கேட்டின் மேல் பைப்பில் முன்முனையில் ஒரு துண்டும் வால்முனையில் ஒரு துண்டும் 6 மி.மீ. பட்டையில் வெல்டு வையுங்கள், இரண்டும் கைடு பிராக்கெட்டில் வந்து இடிக்க வேண்டும். தரை ஸ்டாப்பர் பிய்ந்துபோனாலும் கேட் கைடை விட்டுப் போகாது. கேட்டைத் தண்டவாளத்தில் ஏற்றும் நாளிலேயே இது இருக்க வேண்டும், பெயின்ட் அடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஏற்றும்போது நான்கு பேர் வேண்டும். கைடு போல்ட் இறுகும் வரை இருவர் கையை எடுக்கக் கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.

எதிர்த்தூணில் வாய்: இரண்டு ஆங்கிளை எதிரெதிராக வைத்து உள் இடைவெளி 46 மி.மீ., நுழைவில் 70க்கு விரித்துவிடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒன்று மட்டும் வைத்தால் காற்றுக்குக் கேட் முறுக்கிக்கொள்ளும்.

உப்புக்காற்று:

தூத்துக்குடியிலிருந்து. துரு பற்றி மட்டும். பாக்ஸ் பைப் உள்ளிருந்து அரித்து வருவதை வெளியே பெயின்ட் தடுக்காது. திறந்த முனை எல்லாவற்றையும் மூடி வெல்டு வைத்து, அடிப் பைப்பின் கீழே நான்கு இடத்தில் 8 மி.மீ. துளை போடுங்கள், ஏறிய தண்ணீர் இறங்கட்டும். தகடு பைப்பில் படியும் இடத்தில் தகடு வைக்கும் முன்பே பிரைமர் அடியுங்கள், வெல்டு விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. துரு முதலில் கிளம்புவது அந்த இடுக்கில்தான். கரியையும் வெல்டுக் கசடையும் கம்பி பிரஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட். ஜி.ஐ. பைப் வாங்கினால் வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு வெல்டு வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள். வெல்டு முடிந்ததும் ஜிங்க் நிறைந்த பெயின்ட் அந்த இடத்தில் அவசியம்.

தண்டவாளத்து முனைக்குப் பெயின்ட் நிற்காது, வீல் உரசி எடுத்துவிடும். கிரீஸும் வைக்காதீர்கள், மணலைப் பிடித்து அரைக்கும். துடைப்பத்தால் கூட்டினால் போதும்.

கரிசல்வீடு:

முழுத் தகடு வேண்டாம் என்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள், 3 அடித் தகடும் மேலே நெருக்கமாகக் கம்பியும். கைடுக்குத் தனிச் சேனல் நட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: மோட்டார் இப்போது வாங்கவில்லை. காங்கிரீட் போடும் முன் அதற்காக எதைச் செய்து வைக்க வேண்டும்?

மின்கேட்:

மோட்டார் உட்காரும் இடம் இடத்தூணுக்கு உள்பக்கம், வாசல் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அடிக்குள், கேட்டின் வீட்டுப் பக்கம். மூடிய கேட்டின் வால் அங்கே இருந்தால்தான் மோட்டார் பல்லை விட்டு ரேக் (கேட்டில் பொருத்தும் பல் பட்டை) போகாது. அங்கே பீமை ஒட்டி ஒன்றரை அடி சதுரத்தில், ஒரு அடி ஆழத்தில் தனிக் காங்கிரீட் மேடை, தரையிலிருந்து 2 அங்குலம் உயர்ந்து இருக்கட்டும், மழைத்தண்ணீர் மோட்டாருக்குள் போகக் கூடாது. பீமுக்கு அடியில் 25 மி.மீ. கண்டியூட் (வயர் போகும் பைப்) இரண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று சென்சார் வயருக்கு. இரண்டையும் ஒரே பைப்பில் இழுத்தால் சென்சாருக்குத் தேவையில்லாத சிக்னல் ஏறும். சென்சார் பைப்பை வாசலுக்குக் குறுக்கே எதிர்த்தூண் வரை கொண்டுபோய் இரண்டடி உயரத்தில் வெளியே எடுங்கள். இழுப்புக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு முனையை மூடி வையுங்கள். எர்த் வயர் தனியாக.

ரேக்கை இப்போதே பொருத்த வேண்டாம். பிறகு வைக்கும்போது இரண்டு ரேக் துண்டு சேரும் இடத்தில், மூன்றாவது துண்டு ஒன்றைக் கீழிருந்து கவிழ்த்துப் பல்லில் பல் கோத்து வைத்து இறுக்குங்கள், பல் இடைவெளி ஜாயின்டிலும் மாறாது. ரேக்குக்கும் மோட்டார் பல்லுக்கும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி கேட்டின் முழு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். கேட்டின் எடை பல்லில் உட்கார்ந்தால் மோட்டாரின் பேரிங் போய்விடும். 120 கிலோ கேட் என்பதற்காக அந்த அளவு மோட்டார் தேடாதீர்கள், அதைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் என்று போட்டிருப்பதை எடுங்கள். கரண்ட் போனால் சாவி போட்டு விடுவித்துக் கையால் தள்ளும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். கோடியில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வந்த பிறகும் மேலே காற்றுக்கணக்கு சொன்ன ஸ்டாப்பர்கள் அப்படியே இருக்கட்டும்.

மோட்டார் வாங்கப் போகும் முன் கேட்டில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். கேட் ஓடும் தூரம் முழுக்க எங்கே இழுத்தாலும் 5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் ஏறினால் அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்திருக்கிறது அல்லது கைடு ரோலர் நெருக்குகிறது. ரோலரைத் தளர்த்தி மறுபடி இழுங்கள், எது என்று தெரிந்துவிடும்.